நின்ற இடத்திலேயே மூச்சு நின்றுபோவது: கூட்ட நெரிசல் மரணங்கள் எப்படி நேர்கின்றன?

கூட்டத்தில் சிக்கிப் பலர் இறந்த செய்தி வரும்போதெல்லாம் கூடவே இரண்டு சொற்களும் வந்துவிடுகின்றன. ஒன்று ‘முண்டியடித்து’, இன்னொன்று ‘மிதிபட்டு’. மக்கள் பீதியில் ஓடினார்கள், விழுந்தவர்களை ஏறி மிதித்தார்கள், உயிர் போயிற்று என்று ஒரு முழுக்காட்சியை இந்த இரண்டு சொற்களே நம் மனத்தில் வரைந்துவிடுகின்றன. பெரிய நெரிசல் விபத்துகள் பலவற்றில் அப்படி ஒரு காட்சி நடக்கவே இல்லை. ஓட அங்கே இடமே கிடையாது. இறந்தவர்களில் பலர் கீழேகூட விழவில்லை. நின்றபடியே மூச்சு நின்றது. சுற்றிலும் இருந்த உடல்கள் தாங்கிக்கொண்டிருந்ததால் அப்படியே நின்றார்கள்.

சொல் தவறினால் என்ன என்று விட்டுவிட முடியாது. ‘முண்டியடித்தார்கள்’ என்று எழுதியவுடனே குற்றவாளி யார் என்பதும் முடிவாகிவிடுகிறது: செத்தவர்களும் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்களும். வாசலின் அகலத்தையோ, பூட்டியிருந்த கதவையோ, எத்தனை பேரை உள்ளே விட்டார்கள் என்ற கணக்கையோ அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

உண்மையில் என்ன நடக்கிறது என்பதை மூச்சிலிருந்தே தொடங்கலாம்.

மூச்சு என்பது ஒரு துருத்தி

கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பலகைகள், நடுவே தோல் பை. பலகைகளை விரித்தால் பைக்குள் காற்று வரும்; அழுத்தினால் வெளியே போகும். பை தானாக எதுவும் செய்வதில்லை. பலகைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டால், காற்று வரும் வாய் எவ்வளவு திறந்திருந்தாலும் ஒரு பிடி காற்றுகூட உள்ளே போகாது.

நுரையீரல் அந்தத் தோல் பை. அதற்குச் சொந்தமாக விரியும் தசை கிடையாது. விலா எலும்புகள் மேலெழுந்து விரிய வேண்டும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிழ்ந்திருக்கும் தசைத் தகடு கீழே இறங்க வேண்டும். இந்தத் தகட்டின் பெயர் உதரவிதானம். அது இறங்கும்போது வயிறு சற்று முன்னே தள்ளும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு மூச்சிலும் சுமார் அரை லிட்டர் காற்று உள்ளே போகிறது. அதற்கு மார்பும் வயிறும் அசைய வேண்டியது மிகக் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்கு இடம் வேண்டும்.

மல்லாந்து படுத்திருப்பவரின் மார்பில் ஒரு சிறு குழந்தை ஏறி உட்கார்ந்தால் பேசலாம், சிரிக்கலாம். மூச்சு மட்டும் கொஞ்சம் கனக்கும். பெரியவர் ஒருவர் உட்கார்ந்தால் பேச்சு துண்டு துண்டாக வரும். மூன்று பெரியவர்களின் எடை ஏறினால் மூச்சுத் தசைகள் முழுப் பலத்தோடு தள்ளியும் மார்பு எழாது. வெளியிலிருந்து மார்பும் வயிறும் அழுத்தப்படுவதால் இப்படி மூச்சு நிற்பதைத்தான் அழுத்த மூச்சடைப்பு என்கிறோம். மூக்கும் வாயும் திறந்தே இருக்கும், தொண்டையில் அடைப்பு இருக்காது. துருத்தியின் பலகைகள் கட்டப்பட்டுவிட்டன, அவ்வளவுதான்.

பள்ளம் தோண்டும் வேலையில் மண் சரிந்து மார்புவரை மூடிக்கொண்டவர், தலை வெளியே இருந்தும் இறந்துபோவது இதனால்தான். ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் எடை. மூச்சு விடும்போது மார்பு சுருங்க, அந்த இடைவெளியையும் மண் வந்து நிரப்பிவிடுகிறது. அடுத்த மூச்சு முன்னதைவிடச் சிறிதாகிறது.

அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் நினைவு தப்ப ஒரு நிமிடம்கூட ஆகாமல் போகலாம். ஆக்சிஜன் நின்றுபோன மூளை நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் பாதிக்கப்படத் தொடங்குகிறது. தலையிலிருந்து இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தமும் மேலேயே தேங்குவதால் முகம் கருநீலமாகும், கண்ணின் வெள்ளைப் பகுதி சிவக்கும், தோலில் ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள் தெரியும். பாரிஸில் கூட்ட நெரிசலில் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்து, 1837-இலேயே ஒலிவியே என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த அடையாளங்களை எழுதிவைத்தார்.

சுருக்கமாக: நசுங்கி இறப்பது என்றால் எலும்பு நொறுங்கி இறப்பது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் எலும்புகள் அப்படியேதான் இருக்கின்றன. மார்பு விரிய இடமில்லாமல் போகிறது.

இதைத் தண்டனையாகவே செய்த காலம்

இந்த வழி மனிதர்களுக்கு வெகு நாளாகத் தெரியும் என்பதுதான் வேதனை. இங்கிலாந்தின் பழைய சட்டத்தில், குற்றம் சாட்டப்பட்டவர் ‘குற்றவாளி’ என்றோ ‘குற்றவாளி அல்ல’ என்றோ வாய்திறந்து சொன்னால்தான் விசாரணை தொடங்க முடியும். சொல்ல மறுத்தவரைப் படுக்கவைத்து, மார்பின்மேல் பலகை வைத்து, அதன்மேல் எடையை ஏற்றிக்கொண்டே போனார்கள்.

யார்க் நகரில் 1586 மார்ச் 25 அன்று மார்கரெட் கிளித்தரோ என்ற பெண்ணுக்கு இது நடந்தது. கத்தோலிக்கப் பாதிரியார்களுக்கு அடைக்கலம் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. விசாரணை நடந்தால் தன் பிள்ளைகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள் என்று அவர் பதில் சொல்ல மறுத்தார். முதுகுக்குக் கீழே ஒரு கல்லை வைத்து, மேலே ஒரு கதவைப் போட்டு, அதன்மேல் பாரங்களை அடுக்கினார்கள். கால் மணி நேரத்தில் உயிர் போனது. அமெரிக்காவின் சேலத்தில், சூனிய வழக்குகள் நடந்த 1692 செப்டம்பரில், 80 வயதை ஒட்டிய ஜைல்ஸ் கோரி இதே முறையில் இரண்டு நாள் வதைபட்டு இறந்தார். கால் மணி நேரத்துக்கும் இரண்டு நாளுக்கும் உள்ள வித்தியாசம் ஏற்றிய பாரத்தில்தான். குறைந்த பாரத்தைத் தசைகள் சில காலம் தாங்கும், பிறகு களைத்துப்போகும். அதிக பாரத்தைத் தாங்கவே முடியாது. இங்கிலாந்து இந்த முறையை 1772-இல் கைவிட்டது.

எடின்பரோவில் 1828-இல் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று, உடற்கூறு வகுப்புக்கு உடல்களை விற்றார்கள். மார்பின்மேல் அழுத்தி அமர்ந்து, வாயையும் மூக்கையும் பொத்தினார்கள். உடலில் காயமே தெரியாது என்பதால் நெடுநாள் மாட்டிக்கொள்ளவில்லை. நெரிசலில் இறந்தவர்களைப் பார்க்கும் குடும்பத்தினர் ‘ஒரு காயம்கூட இல்லையே’ என்று திகைத்துப்போவதற்கும் இதுவே காரணம்.

எத்தனை பேர் என்பது கேள்வி இல்லை, எவ்வளவு இடத்தில் என்பதே கேள்வி

கல் வைத்தவர் கூட்டத்தில் யாரும் இல்லை. அப்படியானால் அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

தரையில் சாக்குக்கட்டியால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் வரையுங்கள். அதற்குள் நிற்பவர்களின் எண்ணிக்கையே அடர்த்தி. இரண்டு பேர் நின்றால் திரும்பலாம், நடக்கலாம். நான்கு பேரானால் தோள்கள் உரசும். வரிசையில் அசையாமல் நிற்பதென்றால் சமாளிக்கலாம். ஐந்தைத் தாண்டினால் நடக்கும் கூட்டத்துக்கு அபாயம் தொடங்குகிறது: அடுத்த அடியை எங்கே வைப்பது என்பது நம் கையில் இருக்காது. ஏழு பேர் என்ற அளவை நெருங்கும்போது கூட்டம் தனித்தனி மனிதர்களாக இருப்பதையே விட்டுவிட்டு நீரைப்போல் நடந்துகொள்ளத் தொடங்குகிறது என்று, இத்துறையின் முன்னோடியான அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் விளக்கினார்.

இங்கே சராசரி ஏமாற்றிவிடும். மைதானம் முழுவதற்கும் கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு இரண்டு பேர்தான் என்று வரும். மேடைக்கு முன்னால் ஒரு மூலையில் எட்டு பேர் இருப்பார்கள். சாவு அந்த மூலையில்தான் நடக்கிறது.

அலை

நின்றுகொண்டு பயணிக்கும் பேருந்தில் திடீரென்று பிரேக் போட்டால் என்ன செய்கிறோம்? ஒரு காலை முன்னே எடுத்துவைத்துச் சமாளிக்கிறோம். காலை வைக்க இடமே இல்லாத அளவுக்குப் பேருந்து நிறைந்திருந்தால்? முன்னால் நிற்பவர்மேல் சாய்கிறோம். அவர் தனக்கு முன்னால் நிற்பவர்மேல். நம் சாய்வும் நமக்குப் பின்னால் உள்ளவரின் சாய்வும் சேர்ந்தே அவரிடம் போகிறது.

கூட்டத்தில் இதுவே அலையாகிறது. யாரும் வேண்டுமென்று தள்ளியிருக்க வேண்டியதில்லை. ஒருவர் தடுமாறுவது, சிலர் எட்டிப் பார்க்க முன்னே சாய்வது போதும். ஒவ்வொருவரும் கொடுப்பது சில கிலோதான்; இருபது முப்பது வரிசை சேர்ந்தால் முன்னால் சுவரோடோ கம்பியோடோ ஒட்டி நிற்பவரின் மார்பில் நூற்றுக்கணக்கான கிலோ இறங்குகிறது. நெரிசலுக்குப் பிறகு வளைந்து கிடந்த எஃகுத் தடுப்புக் கம்பிகளைச் சோதித்தபோது, அவற்றை வளைக்க 4,500 நியூட்டனுக்கும் மேல் விசை தேவைப்பட்டிருக்கும் என்று தெரிந்தது. அது சுமார் 450 கிலோ எடையைத் தூக்கி வைப்பதற்குச் சமம்.

மெக்காவுக்கு அருகே மினாவில் 2006 ஜனவரி 12 அன்று 340-க்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகள் இறந்தார்கள். அன்றைய காணொளிப் பதிவுகளை ஆராய்ந்த டிர்க் ஹெல்பிங் குழுவினர், கூட்டம் மூன்று கட்டமாக மாறியதைக் கண்டார்கள். முதலில் சீரான நடை. பிறகு நின்று நின்று நகர்வது. கடைசியாக எல்லாத் திசையிலும் மனிதர்களை அள்ளி வீசும் அசைவு. அதைத்தான் கூட்டக் கொந்தளிப்பு என்கிறார்கள். இரண்டாவது கட்டம் ஓர் எச்சரிக்கை மணி. சீராக நகர்ந்த கூட்டம் விட்டு விட்டு நகரத் தொடங்கினால், உள்ளே விடுவதை அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

ஆட்கள் விழுவதும் உண்டு, ஆனால் நாம் நினைக்கும் விதத்தில் அல்ல. ஒருவர் விழுந்தால் அந்த இடத்தில் ஒரு குழி உண்டாகிறது. அவர்மேல் சாய்ந்திருந்தவருக்குத் தாங்கல் போய்விட, அவரும் அதில் விழுகிறார். பிறகு அடுத்தவர். லண்டனில் பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையத்தை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பதுங்கிடமாகப் பயன்படுத்தினார்கள். 1943 மார்ச் 3 இரவு, நடுவில் கைப்பிடி இல்லாத, வெளிச்சம் குறைந்த 19 படிகளில் ஒரு பெண் தடுக்கி விழுந்தார். சில நொடிகளில் சுமார் 300 பேர் அந்தப் படிக்கட்டில் அடுக்காகச் சிக்கிக்கொண்டார்கள். 173 பேர் இறந்தார்கள். அவர்களில் 62 பேர் குழந்தைகள். அன்றிரவு அங்கே ஒரு குண்டும் விழவில்லை.

இதுவரை பார்த்தது: இடம் சுருங்கினால் அடர்த்தி ஏறும், அடர்த்தி ஏறினால் சாய்வுகள் கூடி அலையாகும், அலை மார்பை அழுத்தும், மூச்சு நிற்கும்.

வாசலில் ஒரு வகுத்தல் கணக்கு

ஒரு மீட்டர் அகலமுள்ள சமதள வழியில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 80 பேர் அளவில்தான் தடையின்றிப் போக முடியும். படிக்கட்டானால் இன்னும் குறையும். 10,000 பேர் 4 மீட்டர் அகல வழியில் வெளியேற அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அவசரப்படுத்தினால் வேகம் கூடாது. புனலில் அரிசியைக் கொட்டினால் சேர்ந்து அடைத்துக்கொள்ளுமே, அதுபோல ஆகும்.

ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் 1989 ஏப்ரல் 15 அன்று நடந்த கால்பந்துப் போட்டிக்கு, நின்று பார்க்கும் ஒரு பகுதிக்கு 10,100 சீட்டுகள் விற்றிருந்தார்கள். அதற்கு இருந்தவை 7 சுழல் வாயில்கள். ஒரு வாயிலில் மணிக்கு 700 பேர் என்று வைத்துக்கொண்டால் எல்லோரும் உள்ளே போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஆட்டம் மூன்று மணிக்கு. வெளியே நெரிசல் முற்றியதால் 2:52-க்குப் போலீஸ் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது. உள்ளே நுழைந்தவர்களுக்கு நேர் எதிரே தெரிந்தது ஒரு சுரங்கப் பாதை. அது நடுவில் இருந்த இரண்டு கம்பி அடைப்புகளுக்கு இட்டுச் சென்றது. அவை ஏற்கெனவே நிரம்பியிருந்தன. பக்கவாட்டு அடைப்புகளில் இடம் இருந்தது; அங்கே போகும்படி வழிகாட்ட யாரும் நிற்கவில்லை, சுரங்கத்தை அடைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. 3:06-க்கு ஆட்டம் நிறுத்தப்பட்டது. அந்த நெரிசல் 97 உயிர்களைக் கொண்டுபோனது. கடைசியாக ஒருவர் 32 ஆண்டுகள் கழித்து, 2021-இல் இறந்தார்.

ரசிகர்கள் குடித்துவிட்டு முண்டியடித்தார்கள் என்றே அன்று சொல்லப்பட்டது. அப்படி இல்லை, ரசிகர்கள்மேல் தவறில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று மரண விசாரணை நடுவர் குழு 2016-இல் தீர்ப்பளித்தது. அந்த ஒரு வரிக்காகக் குடும்பங்கள் 27 ஆண்டுகள் அலைந்தன. நெரிசலின்போது மேல்தளத்தில் இருந்தவர்கள் கீழே கைநீட்டி ஒவ்வொருவராக மேலே இழுத்துக் காப்பாற்றினார்கள். விளம்பரப் பலகைகளைப் பிய்த்து, அவற்றில் அடிபட்டவர்களைச் சுமந்து ஓடினார்கள். பீதி பிடித்து மிருகமான கூட்டம் செய்கிற காரியமா அது?

பின்னால் நிற்பவருக்குத் தெரியாது

முன்வரிசையில் ஒருவர் செத்துக்கொண்டிருக்கும்போது, முப்பது வரிசைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் முதுகுகள்தான். ‘ஏன் நகர மாட்டேன் என்கிறார்கள்’ என்று அவர் நினைப்பார். முன்னால் அலறுவதற்கு மூச்சு இருக்காது. அலறினாலும் ஆரவாரத்தில் கலந்துபோகும்.

அதனால் உயரத்திலிருந்து பார்க்கும் கண்ணும், பின்வரிசைக்குச் சொல்லும் குரலும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். தென் கொரியாவின் சோல் நகரில், இத்தேவோன் பகுதியில் 2022 அக்டோபர் 29 இரவு, மிகக் குறுகிய இடத்தில் 3.2 மீட்டர் அகலமே உள்ள சரிவான ஒரு சந்தில் நெரிசல் உண்டானது. ‘நசுங்கிவிடுவோம்போல் இருக்கிறது’ என்ற முதல் அவசர அழைப்பு மாலை 6:34-க்கே வந்துவிட்டது. இரவு 10:15 அளவில் விபரீதம் நடக்கும்வரை இப்படி 11 அழைப்புகள். உயிரிழந்தோர் 159.

இடிபாட்டு மரணம் வேறு

நிலநடுக்கத்தில் காலோ கையோ சிக்கிப் பல மணி நேரம் கிடந்தவர், பேசிக்கொண்டே மீட்கப்பட்டு, பாரத்தைத் தூக்கிய சற்று நேரத்தில் இறந்துபோவது உண்டு. இது மூச்சடைப்பு அல்ல. நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியமும் தசைப் புரதமும் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து, இதயத்தை நிறுத்துகின்றன அல்லது சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. லண்டன் குண்டுவீச்சில் சிக்கியவர்களிடம் இதைக் கண்டு 1941-இல் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் விவரித்தார். பாரத்தைத் தூக்கும் முன்பே ரத்தக் குழாய் வழியாக உப்பு நீர் ஏற்றத் தொடங்குவதே மீட்புக் குழுக்களின் நடைமுறை.

உள்ளே மாட்டிக்கொண்டால்

முதலில், மாட்டிக்கொள்ளும் முன்பே வெளியேற வேண்டும். நான்கு பக்கமும் பிறர் உடல் படுகிறதா? கையைத் தூக்கி முகத்தைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் காலம் கடந்துகொண்டிருக்கிறது.

கைகளைத் தொங்கவிடாதீர்கள். குத்துச்சண்டை வீரரைப்போல் முழங்கைகளை மடித்து மார்புக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். துருத்தி விரியத் தேவையான சில சென்டிமீட்டரை அந்தக் கைகள்தான் காப்பாற்றித் தரும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நில்லுங்கள். அலை வரும்போது எதிர்த்துத் தள்ளாமல் அதன் போக்கில் போய், அது தணியும் இடைவெளியில் குறுக்குச் சாய்வாக ஓரத்தை நோக்கி ஓரிரு அடி நகருங்கள். சுவர், தூண், கம்பித் தடுப்பு இவற்றோடு ஒட்டி நிற்பதைத் தவிர்க்க வேண்டும். அலையின் முழு விசையும் அங்கேதான் முடிகிறது. கைப்பேசியோ செருப்போ விழுந்தால் குனியக் கூடாது. கத்தி மூச்சை வீணாக்கக் கூடாது. குழந்தையைத் தோள்மேல் ஏற்றுங்கள்.

விழுந்துவிட்டு எழ முடியாவிட்டால், ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மார்போடு மடக்கி, கைகளால் தலையைச் சுற்றிக்கொள்ளுங்கள். மல்லாந்தும் குப்புறவும் கிடந்தால் பாரம் நேராக மார்பில் இறங்கும்.

காப்பாற்றப் போகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, முன்னால் சிக்கியவரின் கையைப் பிடித்து இழுப்பது. கால்களும் உடல்களும் பின்னிக் கிடக்கும்போது எத்தனை பேர் இழுத்தாலும் வராது. பின்வரிசையைக் கலைத்து, பாரத்தை இறக்கிய பிறகுதான் முன்னால் இருப்பவரை எடுக்க முடியும்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

இங்கிலாந்தின் சன்டர்லாந்தில் 1883 ஜூன் 16 அன்று, விக்டோரியா அரங்கில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி. முடிவில் மேடையிலிருந்து பரிசுகளைக் கொடுக்கத் தொடங்கியதும் மாடியில் இருந்த பிள்ளைகள் படியிறங்கி வந்தார்கள். படியின் அடியில் இருந்த கதவு உள்பக்கமாக, அவர்களை நோக்கித் திறக்கும் கதவு. ஒரு நேரத்தில் ஒரு குழந்தை மட்டும் நுழையும்படி அதைச் சிறிது திறந்து தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். தாழ்ப்பாள் இருந்தது பிள்ளைகள் நின்ற பக்கம். வெளியே நின்ற பெரியவர்களால் கதவை அசைக்க முடியவில்லை. இடுக்கு வழியாக ஒவ்வொரு குழந்தையாக இழுத்தார்கள். 183 குழந்தைகள் இறந்தார்கள்.

ராபர்ட் பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1892-இல் ஒரு தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை பெற்றார். திரையரங்குகளின் அவசர வழிகளில் இடுப்பு உயரத்தில் குறுக்கே போகும் அந்தக் கம்பிதான் அது. கதவு வெளிப்பக்கம் திறக்கும். திருகவோ இழுக்கவோ கை வேண்டியதில்லை. பின்னாலிருந்து நெருக்கும் கூட்டம் முன்னால் நிற்பவரைக் கம்பியின்மேல் அழுத்தினால், அந்த அழுத்தத்திலேயே தாழ்ப்பாள் விடுபட்டுக் கதவு திறந்துகொள்ளும்.